பூட்டும் காவலும்: காவிரிப் படுகையில் பூட்டின் வரலாறு

பூட்டு என்பது உரிய சாவி உள்ளவர் மட்டுமே கதவையோ பெட்டியையோ திறக்கும்படி அமைக்கப்பட்ட கருவி. சாவி இல்லாமலும் உடைக்காமலும் ஒருவர் அதைத் திறக்க முயலும்போது அது எவ்வளவு தாங்கும் என்பது பூட்டின் வகைக்கு வகை மாறும். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பூட்டுத் தொழிலின் வரலாறு பெரும்பாலும் இந்தத் தாங்குதிறனை உயர்த்திய முயற்சிகளின் வரலாறு. ஆனால் கும்பகோணத்தைச் சுற்றியுள்ள கோயில்களில் நடந்த புகழ்பெற்ற சிலைத் திருட்டுகள், பூட்டின் நுட்பம் காவலின் ஒரு பகுதி மட்டுமே என்பதைக் காட்டுகின்றன. இக்கட்டுரை இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறது.

சொற்கள்

'பூட்டு' என்ற சொல்லுக்கு இணைத்தல், மாட்டுதல் என்பது அடிப்படைப் பொருள். ஏரில் மாட்டைப் பூட்டுவதும் வண்டியில் காளையைப் பூட்டுவதும் இதே சொல்லால்தான் குறிக்கப்படுகின்றன. தஞ்சை வட்டாரத்தில் சித்திரை மாதத்தில் நடக்கும் பொன்னேர் பூட்டுதலில் வருவதும் இச்சொல்லே. கதவைக் காப்பதற்கான பழைய சொல் 'தாழ்'. திருக்குறளிலும் இச்சொல் உள்ளது. அதைத் திறக்கும் கோல் திறவுகோல். இன்று வழங்கும் 'சாவி' போர்த்துக்கீசிய மொழியிலிருந்து வந்தது. அலமாரி, ஜன்னல் ஆகிய சொற்களும் அவ்வழி வந்தவையே.

கோயில் வழக்கில் நடை சாத்துவதற்குத் திருக்காப்பிடுதல் என்று பெயர். திறப்பது திருக்காப்பு நீக்குதல். இங்கே 'காப்பு' என்ற சொல் பூட்டை மட்டும் சுட்டவில்லை, காவல் முழுவதையும் சுட்டுகிறது.

திருடனின் தொழிலுக்கும் தமிழில் தனிச் சொற்கள் உண்டு. மண்சுவரில் துளையிட்டு வீட்டுக்குள் புகுவது கன்னம் வைத்தல், அதற்கான கருவி கன்னக்கோல். இந்த முறையில் திருடன் கதவின் பக்கமே வருவதில்லை. பூட்டு எவ்வளவு நல்லது என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை.

பூட்டுக்கு முன் காவல்

காவிரிப் படுகையின் பெருங்கோயில்களில் பொன்னும் மணியும் செப்புத் திருமேனிகளும் நிறைந்திருந்தன. முதலாம் இராஜராஜன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் அவை எவ்வாறு காக்கப்பட்டன என்பதைக் காட்டுகின்றன. கோயிலுக்கு வழங்கப்பட்ட ஒவ்வொரு திருமேனியும் எத்தனை முழம், எத்தனை விரல் உயரம், எத்தனை கைகள் உடையது என்பது கல்லில் பதிவானது. நகைகள் 'ஆடவல்லான்' என்ற பெயர் கொண்ட எடைக்கல்லால் நிறுக்கப்பட்டு, முத்தும் மாணிக்கமும் எண்ணிக்கையோடு எழுதப்பட்டன. திருமெய்காப்பு என்ற காவலர்களைக் கோயிலுக்கு அனுப்பும் பொறுப்பு பல ஊர்ச் சபைகளுக்கு அளிக்கப்பட்டது. அவர்களுக்கான ஊதிய நெல்லையும் அந்த ஊர்களே தர வேண்டும்.

இந்த ஏற்பாட்டில் மூன்று கூறுகள் உள்ளன. பொருளின் அளவு பலர் பார்க்கும் சுவரில் எழுதப்பட்டிருந்தது. காவலர்கள் வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்தார்கள். ஒருவர் தவறினால் பதில் சொல்ல ஓர் ஊர்ச் சபை இருந்தது. பூட்டு இருந்திருக்கலாம், ஆனால் காவலின் மையம் அதுவல்ல.

பூட்டிய கதவைப் பற்றிய இரு மரபுக் கதைகளும் இப்பகுதியைச் சேர்ந்தவை. முதலாவது வேதாரண்யம் எனப்படும் திருமறைக்காட்டுக் கதை. வேதங்கள் வழிபட்டுத் திருக்காப்பிட்ட நேர்வாயில் அதன்பின் திறக்கப்படவே இல்லை என்றும், மக்கள் வேறு வழியாகச் சென்று வழிபட்டனர் என்றும் பெரியபுராணம் கூறுகிறது. திருநாவுக்கரசர் பதிகம் பாடக் கதவு திறந்தது. திருஞானசம்பந்தர் பாட மூடிக்கொண்டது. அதன்பின் அக்கதவு நாள்தோறும் திறக்கவும் மூடவும் கூடியதாயிற்று.

இரண்டாவது சிதம்பரத்தைச் சேர்ந்தது. தேவார ஏடுகள் தில்லைக் கோயிலின் ஓர் அறையில் மூவரின் கை அடையாளத்தோடு பூட்டப்பட்டிருந்தன. மூவரும் வந்தால்தான் அறை திறக்கும் என்று சொல்லப்பட்டது. முதலாம் இராஜராஜன் என்று பொதுவாகக் கருதப்படும் சோழ மன்னன், மூவரின் திருமேனிகளையும் அங்கே எழுந்தருளச் செய்து அறையைத் திறப்பித்தான். உள்ளே ஏடுகளைக் கறையான் புற்று மூடியிருந்தது. எஞ்சியவையே இன்று நமக்குக் கிடைக்கும் தேவாரம் என்பது திருமுறை கண்ட வரலாறு. யாராலும் திறக்க முடியாதபடி பூட்டியதே இழப்பை மறைத்துவிட்ட கதை இது.

தடைப் பூட்டு

உலோகப் பூட்டுகளில் நீண்ட காலம் பரவலாக இருந்தது தடைப் பூட்டு. பூட்டின் உட்புறத்தில் அசையாத தகட்டு வளையங்கள் சில பொருத்தப்பட்டிருக்கும். சாவியின் முனையில் அவற்றுக்கு ஏற்ற வெட்டுகள் இருக்கும். வெட்டு பொருந்தாத சாவி தடையில் முட்டி நின்றுவிடும். பொருந்தும் சாவி சுற்றி வந்து நாக்கைத் தள்ளும்.

இதன் குறை அமைப்பிலேயே உள்ளது. தடைகளுக்கும் நாக்குக்கும் தொடர்பில்லை. தடைகளைத் தொடாமல் கடந்து போகும் அளவுக்கு ஒல்லியான ஒரு கம்பி நாக்கைத் தொட்டுவிட்டால் போதும். ஒரே கள்ளச்சாவி பல பூட்டுகளைத் திறப்பதும் இதனால்தான். சாவியின் வடிவம் எவ்வளவு அலங்காரமாக இருந்தாலும் தடைப் பூட்டின் தாங்குதிறன் மிகக் குறைவு. பழைய மேசை இழுப்பறைகளிலும் மலிவான பெட்டிகளிலும் இவ்வகையை இன்றும் காணலாம்.

லீவர் பூட்டு

1778ல் இங்கிலாந்தில் ராபர்ட் பேரன் இரட்டைச் செயல் லீவர் பூட்டுக்குக் காப்புரிமை பெற்றார். இதில் நாக்கைத் தடுப்பவை அசையும் தகடுகள். ஒவ்வொரு தகட்டையும் சாவியின் ஒரு பல் குறிப்பிட்ட உயரத்துக்குத் தூக்க வேண்டும். குறைவாகத் தூக்கினாலும் கூடுதலாகத் தூக்கினாலும் நாக்கு நகராது. இங்கே தடையும் நாக்கும் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதால் ஒல்லிக் கம்பியால் தடையைக் கடந்து போக வழியில்லை. பூட்டு வரலாற்றின் பெரிய திருப்பம் இதுவே.

1784ல் ஜோசப் பிராமா உருளை வடிவச் சாவி கொண்ட வேறொரு பூட்டை உருவாக்கினார். அதைத் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்ற அறிவிப்போடு அது லண்டனில் அவரது கடைச் சன்னலில் பல்லாண்டுகள் இருந்தது. 1817ல் போர்ட்ஸ்மத் கப்பல் துறையில் நடந்த திருட்டைத் தொடர்ந்து, பிறரால் திறக்க முடியாத பூட்டுக்கு அரசு பரிசு அறிவித்தது. அதற்காக ஜெரமையா சப் 1818ல் உருவாக்கியது 'காட்டிக்கொடுக்கும்' லீவர் பூட்டு. யாராவது ஒரு தகட்டை அளவுக்கு மேல் தூக்கிவிட்டால் பூட்டு சிக்கிக்கொள்ளும். அடுத்து உரிமையாளர் சாவியை நுழைக்கும்போது யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். எதிர்ப்பது மட்டுமல்ல, நடந்ததைத் தெரிவிப்பதும் பூட்டின் வேலை என்று முதலில் எண்ணிய வடிவமைப்புகளில் இது ஒன்று.

1851ல் லண்டனில் நடந்த மாபெரும் பொருட்காட்சிக்கு வந்த அமெரிக்கப் பூட்டு வல்லுநர் ஆல்ஃபிரட் சார்லஸ் ஹாப்ஸ், சப் பூட்டைச் சாட்சிகள் முன்னிலையில் 25 நிமிடங்களில் திறந்தார். பிராமாவின் பூட்டைத் திறக்க அவருக்கு 16 நாட்களில் பரவிய 51 மணி நேரம் ஆயிற்று. அவர் பயன்படுத்திய அடிப்படை எளிமையானது. எந்தப் பூட்டிலும் எல்லாத் தகடுகளும் மயிரிழைத் துல்லியத்தில் ஒத்திருப்பதில்லை. நாக்கின் மேல் மெல்ல அழுத்தம் கொடுத்தால் ஏதோ ஒரு தகடு முதலில் இறுகும். அதைச் சரிசெய்தால் அடுத்தது இறுகும். இப்படி ஒவ்வொன்றாகப் பூட்டே தன் இரகசியத்தைச் சொல்லிவிடும். பூட்டின் குறைகளைப் பற்றிப் பேசினால் திருடர்களுக்கு உதவியாகாதா என்ற கேள்விக்கு ஹாப்ஸ் தரப்பு தந்த விடை, திருடர்களுக்கு அது முன்பே தெரியும் என்பதுதான்.

பின் பூட்டும் வட்டுப் பூட்டும்

சிறு ஊசிகள் விழுந்து தடுக்கும் மரப் பூட்டுகள் பழைய எகிப்திலும் மேற்காசியாவிலும் இருந்தன. அக்கருத்தை உலோகத்துக்குக் கொண்டுவந்தவர்கள் அமெரிக்காவின் லைனஸ் யேல்களான தந்தையும் மகனும். மகன் யேல் 1860களில் உருவாக்கிய உருளையும் தட்டையான சிறு சாவியும் இன்று பெரும்பாலான வீட்டுக் கதவுகளில் உள்ளவை. ஒவ்வொரு துளையிலும் இரு துண்டாக உள்ள ஊசி இருக்கும். சரியான சாவி எல்லா ஊசிகளின் பிளவையும் ஒரே கோட்டுக்குக் கொண்டுவரும்போது உருளை சுழலும்.

ஐந்து ஊசி, ஒவ்வொன்றுக்கும் ஆறு ஆழம் என்று கொண்டால் கணக்குப்படி 7,776 வெவ்வேறு சாவிகள் அமையலாம். ஆனால் சாவிகளின் எண்ணிக்கையும் தாங்குதிறனும் ஒன்றல்ல. மலிவான பின் பூட்டில் ஊசிகளுக்கும் துளைகளுக்கும் இடையே தளர்ச்சி அதிகம். பயிற்சி உள்ளவர் ஹாப்ஸின் அதே முறையில் அதை விரைவில் திறந்துவிடுவார். துளைகளை நுட்பமாகக் குடைந்தும், இடை சிறுத்த ஊசிகளை இட்டும் தரமான பூட்டுகளில் இதைக் கடினமாக்குகிறார்கள். 1907ல் ஃபின்லாந்தின் எமில் ஹென்ரிக்சன் கண்டுபிடித்த வட்டுப் பூட்டில் ஸ்பிரிங்கே இல்லை. சாவி சில வட்டுகளை வெவ்வேறு கோணங்களுக்குச் சுழற்ற வேண்டும். பொதுவாக, இவ்வகையைத் திறக்கத் தனிக் கருவியும் பொறுமையும் தேவை.

சுருக்கமாகச் சொன்னால், தடைப் பூட்டு மிக எளிதில் இடங்கொடுப்பது. சாதாரண பின் பூட்டும் ஓரிரு லீவர் கொண்ட பூட்டும் அதற்கு மேல். ஆறு, ஏழு லீவர்கள் நுட்பமாகப் பொருத்தப்பட்ட பூட்டும் தரமான பின் பூட்டும் அதற்கும் மேல். நல்ல வட்டுப் பூட்டு இவற்றினும் கடினமானது. எந்த வகையிலும் உறுப்புகளின் எண்ணிக்கையைவிட அவை பொருந்தும் நுட்பமே முக்கியம்.

இந்தியப் பூட்டுகளும் திண்டுக்கல்லும்

இந்தியாவில் ஆலைப் பூட்டுத் தொழிலின் முன்னோடிகளில் ஒருவர் ஆர்தேஷிர் கோத்ரெஜ். 1897ல் பம்பாயில் அவர் தொடங்கிய நிறுவனத்தின் 'நவ்தால்' லீவர் பூட்டு 1950களிலிருந்து நாடெங்கும் பரவியது. வடக்கே அலிகர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து பூட்டு நகரமாக வளர்ந்தது.

தமிழ்நாட்டில் அந்த இடம் திண்டுக்கல்லுக்கு. நகரைச் சுற்றியுள்ள ஊர்களில் குடிசைத் தொழிலாகப் பூட்டுகள் கையால் செய்யப்படுகின்றன. மாங்காய் வடிவில் அமைந்த மாங்காய்ப் பூட்டு அவற்றுள் புகழ்பெற்றது. கதவுப் பூட்டு, பெட்டிப் பூட்டு, கடை ஷட்டர் பூட்டு, கோயில் கதவுக்கான பெரும் பூட்டு எனப் பல வகைகள் உண்டு. இவற்றில் பெரும்பாலானவை லீவர் அமைப்பு கொண்டவை. கைவினைஞர் தகடுகளைச் சாவிக்கு ஏற்ப ஒவ்வொன்றாக அரம் போட்டுப் பொருத்துகிறார். ஒரு பூட்டின் சாவி இன்னொன்றுக்குச் சேராது என்பது திண்டுக்கல்லின் பெருமை. சாவித்துளையை மறைத்து வைத்த தந்திரப் பூட்டுகளும் இங்கு உருவாயின. தந்திரம் தெரியாதவரை அவை குழப்பும். ஆனால் தந்திரம் வெளியே தெரிந்த நாளில் அந்தப் பாதுகாப்பு போய்விடும். எஞ்சுவது லீவர்களின் நுட்பம் மட்டுமே.

விலை மலிந்த ஆலைப் பூட்டுகளின் வரவால் இத்தொழில் நலிந்தது. 2019 ஆகஸ்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

கும்பகோணம் வட்டாரத்துத் திருட்டுகள்

தமிழ்ச் செய்தித்தாள்களில் திருட்டுச் செய்தியின் வழக்கமான சொற்றொடர் 'பூட்டை உடைத்து' என்பது. 'பூட்டைத் திறந்து' என்று அரிதாகவே வரும். கடப்பாறை உள்ளவன் பூட்டின் உள்ளமைப்போடு போராடுவதில்லை. அவன் நாதாங்கியைப் பெயர்க்கிறான். பழைய மரக்கதவில் நாதாங்கியைப் பிடித்திருக்கும் திருகாணிகள், ஏழு லீவர் பூட்டைவிட முன்னதாக விட்டுக்கொடுக்கும்.

கோயில் திருட்டுகளில் இதையும் தாண்டிய வழிகள் இருந்தன. கும்பகோணத்தை அடுத்த சிவபுரத்தில் 1951ல் சில செப்புத் திருமேனிகள் மண்ணிலிருந்து கிடைத்தன. அவற்றுள் ஒரு நடராசர் சோழர் காலக் கலையின் சிறந்த படைப்பு. அவை ஊரின் சிவகுருநாத சுவாமி கோயிலுக்கு அளிக்கப்பட்டன. 1950களின் நடுவில் பழுது பார்ப்பதற்காக ஒரு சிற்பியிடம் கொடுக்கப்பட்டபோது, அசலுக்குப் பதில் நகல் கோயிலுக்குத் திரும்பியது. கோயிலில் இருப்பது அசல் அல்ல என்பதை 1965ல் வெளியான தம் நூலில் பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த டக்ளஸ் பாரெட் தெரிவித்தார். அசல் நடராசரை 1973ல் அமெரிக்காவின் நார்டன் சைமன் அறக்கட்டளை வாங்கியது. இந்திய அரசு வழக்குத் தொடுத்தது. 1976ல் உடன்பாடு ஏற்பட்டு, 1986ல் நடராசர் இந்தியா திரும்பினார். இந்தத் திருட்டில் எந்தப் பூட்டும் உடைக்கப்படவில்லை, கள்ளச்சாவி போடப்படவில்லை. சிலை வாசல் வழியாக, அனுமதியோடு வெளியே சென்றது. பல்லாண்டுகள் பூட்டிப் பாதுகாக்கப்பட்டது நகல்.

அடுத்தது கொள்ளிடத்துக்கு வடக்கே, அரியலூர் மாவட்டத்தின் ஸ்ரீபுரந்தான். அங்குள்ள பிரகதீசுவரர் கோயிலில் வழிபாடு குன்றி, கோயில் பூட்டியே கிடந்தது. 2006ல் அங்கிருந்து நடராசர் உள்ளிட்ட திருமேனிகள் திருடப்பட்டன. பாதுகாப்பு கருதிச் சிலைகளை வேறிடத்துக்கு மாற்ற அதிகாரிகள் 2008ல் வந்தபோதுதான் அவை இல்லை என்பதே தெரிந்தது. அதே ஆண்டு அந்த நடராசரை ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியிருந்தது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் முன்பு எடுத்து வைத்திருந்த நிழற்படம் சிலையை அடையாளம் காண உதவியது. 2014 செப்டம்பரில் சிலை இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. சிலைக் கடத்தல் வழக்குகளை விசாரிக்கும் கும்பகோணம் நீதிமன்றம், அருகிலுள்ள சுத்தமல்லி வரதராசப் பெருமாள் கோயில் திருட்டு தொடர்பான வழக்கில் வணிகர் சுபாஷ் கபூருக்கு 2022 நவம்பரில் 10 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது.

ஸ்ரீபுரந்தானில் தோற்றது பூட்டின் தாங்குதிறன் மட்டுமல்ல. நாள்தோறும் பூசை நடக்கும் கோயிலில் மறுநாள் காலையே திருட்டு தெரிந்திருக்கும். அங்கே இரண்டு ஆண்டுகள் யாருக்கும் தெரியவில்லை. சப்பின் பூட்டு செய்த 'காட்டிக்கொடுக்கும்' வேலையைக் கோயிலில் செய்வது அன்றாட வழிபாடு. திருக்காப்பு நீக்கி விளக்கேற்றும் அர்ச்சகரே முதல் தணிக்கையாளர்.

சாவியைப் பங்கிடுதல்

சாவி வைத்திருப்பவரே தவறு செய்தால் எந்தப் பூட்டும் பயன்படாது. இதற்கு உள்ள தீர்வு சாவியைப் பங்கிடுவது. அரசுக் கருவூலங்களின் இரட்டைப் பூட்டு முறையில் இரு அலுவலர்களிடம் தனித்தனிச் சாவிகள் இருக்கும். இருவரும் வந்தால்தான் அறை திறக்கும். கோயில் உண்டியல்களுக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட பூட்டுகள் போட்டு, சாவிகள் வெவ்வேறு பொறுப்பாளர்களிடம் இருக்க, முத்திரையைச் சரிபார்த்துப் பலர் முன்னிலையில் திறந்து எண்ணுகிறார்கள். வங்கிப் பாதுகாப்புப் பெட்டகத்தில் வாடிக்கையாளரின் சாவியும் வங்கியின் சாவியும் சேர்ந்தே திறக்கும். 1904ல் கும்பகோணம் வங்கி என்ற பெயரில் தொடங்கிய இன்றைய சிட்டி யூனியன் வங்கி முதல் எல்லா வங்கிகளிலும் இதுவே நடைமுறை. தில்லையில் மூவர் வந்தால் திறக்கும் என்று சொன்ன அறையின் கருத்தும் இதுதான்.

இம்முறையில் ஒவ்வொரு பூட்டும் தனியே சாதாரணமானதாக இருக்கலாம். இருவர் சேர்ந்தாலொழியத் தவறு நடக்காது என்பதே அதன் பலம்.

இன்றைய நிலை

சிறு கோயில்களின் திருமேனிகளைப் பாதுகாக்க இந்து சமய அறநிலையத் துறை திருவாரூர், கும்பகோணம் உள்ளிட்ட இடங்களில் உலோகத் திருமேனிப் பாதுகாப்பு மையங்களை அமைத்தது. கிராமக் கோயில்களிலிருந்து கொண்டுவரப்பட்ட ஏராளமான திருமேனிகள் அங்கே வைக்கப்பட்டுள்ளன. திருவிழாக் காலத்தில் சில தத்தம் ஊர்களுக்கு எழுந்தருளிச் சென்று திரும்புகின்றன. பலவற்றுக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஊரில் பீடம் வெறுமையாக இருக்க, சாமி வெளியூரில் பூட்டிய அறையில் இருப்பது பக்தர்களுக்கு வருத்தம் தரும் நிலை. திருப்பித் தருவதென்றால் அதற்கேற்ற பாதுகாப்பு ஊரில் வேண்டும் என்பது மறுதரப்பின் நியாயம்.

பாதுகாப்பு என்றதும் இரும்புக் கதவும் கண்காணிப்புக் கேமராவும் உயர்ந்த பூட்டும்தான் முதலில் பேசப்படுகின்றன. அவை தேவைதான். திண்டுக்கல் கைவினைஞரின் ஏழு லீவர் பூட்டு ஓர் இரவுத் திருடனின் நேரத்தைக் கட்டாயம் வீணாக்கும். நேரத்தை வாங்கித் தருவதே எந்தப் பூட்டின் பணியும். ஆனால் அந்த நேரத்துக்குள் வந்து பார்க்க ஆள் வேண்டும். திருமேனி மாறினால் கண்டுபிடிக்க அளவும் நிழற்படமும் உள்ள பதிவேடு வேண்டும். பழுதுபார்க்க வெளியே போகும்போதும் திரும்பி வரும்போதும் ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கம் வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்களில் முழமும் விரலுமாக எழுதப்பட்டிருப்பது அத்தகைய பதிவேடுதான்.